பாயைச் சுருக்கும் நேரம்

2025 ஏப்ரல் 7 அன்று மும்பையிலிருந்து ஒரு பாய்மரப் படகு சேஷல்ஸ் தீவுகளுக்குக் கிளம்பிப் போனது. பெயர் ‘திரிவேணி’. நீளம் 50 அடி, புதுச்சேரியில் கட்டியது. முப்படைகளின் பெண் அதிகாரிகள்தான் அதன் மாலுமிகள். நிலநடுக்கோட்டைத் தாண்டிப் போய், ஏறத்தாழ 4,000 கடல் மைல் ஓடி, ஜூன் முதல் வாரத்தில் கரை திரும்பினார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அதுவே வாழ்நாள் சாதனையாக இருக்கும். அவர்களுக்கு அது பழகு ஓட்டம். உண்மையான பயணம் செப்டம்பர் 11 அன்று கேட்வே ஆஃப் இந்தியாவில் தொடங்கியது. லெப்டினன்ட் கர்னல் அனுஜா வருட்கர் தலைமையில் பத்துப் பெண்கள். உலகைச் சுற்றி 26,000 கடல் மைல்.

மும்பைத் துறைமுகம் இப்படிப்பட்ட புறப்பாடுகளுக்குப் பழகியது. தரைப்படைப் பொறியாளர்களின் ‘திரிஷ்ணா’ உலகைச் சுற்றி முடித்து 1987 ஜனவரியில் வந்து சேர்ந்தது இங்கேதான். கமாண்டர் திலீப் தோண்டே 2009 ஆகஸ்ட் 19 அன்று ‘மாதேயி’ படகில் தனியாளாகப் புறப்பட்டு, நாலு துறைமுகங்களில் மட்டும் நின்று, மறு வருடம் மே மாதம் திரும்பினார். அப்போது கரையில் அவருக்குத் துணையாக இருந்த அபிலாஷ் டோமி, 2012 நவம்பர் 1 அன்று அதே படகில் ஏறி, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் உலகைச் சுற்றி 2013 மார்ச் கடைசியில் வந்தார். இந்தப் புறப்பாடுகளும் வரவேற்புகளும் எல்லாப் பத்திரிகைகளிலும் படமாக வந்தன. அதற்கு முன்னால் இவர்கள் படகை வெளியே எடுத்துப் போய், கயிறு இழுத்து, பாய் ஏற்றி இறக்கி, கை காய்த்துப்போய்த் திரும்பிய நாட்களை யாரும் படம் எடுக்கவில்லை. எனக்கு அந்த நாட்களின் மேல்தான் ஈடுபாடு. தோண்டே உலகம் சுற்றப் போவதற்கு முன் மொரீஷியஸ் வரை போய் வந்தார் என்று படித்த அன்று, மற்ற எல்லாச் செய்திகளையும் விட அதுதான் மனதில் நின்றது.

எங்களுக்கும் அப்படி ஒரு பழகு நாள் வந்தது. நாங்கள் பாய்மரப் படகில் போகத் திட்டமிட்டிருப்பது மும்பையிலிருந்து கோவா. சுமார் 230 கடல் மைல். மணிக்கு ஐந்து மைல் வேகம் கிடைத்தால் நாற்பத்தாறு மணி நேரம். அதாவது இரண்டு இரவுகள். கொங்கன் ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம்தான். ஆனாலும் இரண்டு இரவு கடலில் என்பது, தூங்காமல் ஒருவர், தூங்கி எழுந்து ஒருவர் என்று சுக்கான் பிடித்தாக வேண்டிய காரியம். அதற்காகத்தான் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காண்டேரித் தீவு வரை போய்த் திரும்பும் பகல் ஓட்டம்.

நாலு பேர். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற மாலுமி ஒருவர் எங்களுக்குக் கேப்டன். மால்வண் பக்கத்துக்காரர், ஹிந்தியில்தான் பேசுவார். காட்கோபர் காமராஜ் நகரில் குடியிருக்கும் அண்ணாச்சி. சொந்த ஊர் மணப்பாடு. இளவட்டமாக இருந்தபோது தூத்துக்குடித் தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவர். பாய் விரித்து ஓடிய தோணிகள் அவை. பிறகு மும்பைக்கு வந்து கப்பல் பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றார். செம்பூரிலிருந்து வரும் பெண், இருபத்தாறு வயது, மருத்துவமனையில் பிஸியோதெரபிஸ்ட். அப்புறம் நான், பந்த் நகர்வாசி.

நாள் குறித்தது அண்ணாச்சி. காலண்டரில் விரலை வைத்து, “அஷ்டமி அன்னைக்கு வச்சுக்கிடுவோம்” என்றார். ஊரில் அஷ்டமி நவமியில் யாரும் ஒன்றும் தொடங்கமாட்டார்கள். இந்தக் கடலுக்கு அதுதான் நல்ல நாள். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நடுப்பகலில் கடல் ஏறி நிற்கும். காலையில் வற்றிக் கிடக்கும். நீர்மட்டம் நாலரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் நாட்களும் உண்டு. தூத்துக்குடியில் இது ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. அவ்வளவு தண்ணீர் இந்தத் துறைமுக வாயில் வழியாக ஆறு மணி நேரத்தில் உள்ளே வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் வெளியே போக வேண்டும் என்றால், ஓட்டம் எப்படி இருக்கும்! மணிக்கு மூன்று கடல் மைல் வேகத்தில் எதிர்நீரோட்டம் வந்தால், ஐந்து மைல் வேகத்தில் ஓடும் பாய்மரப் படகு இரண்டு மைல்தான் நகரும். அஷ்டமியில் இந்த ஏற்ற இறக்கம் பாதி அளவுக்குக் குறைந்துவிடும். அதோடு காலை ஆறு ஆறரைக்கு ஏற்றம் முடிந்து வற்றத் தொடங்கும்; வெளியே போகிற தண்ணீரோடு நாமும் போகலாம். மதியத்துக்கு மேல் உள்ளே வருகிற தண்ணீரோடு திரும்பலாம். அண்ணாச்சி இதை அட்டவணை பார்த்துச் சொல்லவில்லை. கேப்டன் துறைமுக அட்டவணையை எடுத்து ஒத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

விடியுமுன் காட்கோபரில் லோக்கல் பிடித்தோம். லக்கேஜ் பெட்டியில் மீன்காரப் பெண்கள் வெறும் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் மூட்டையில் நாலு லைஃப் ஜாக்கெட், இட்லி, மாட்டுங்காவில் வாங்கிய மிளகாய்ப்பொடி, ஆளுக்கு மூன்று லிட்டர் கணக்கில் தண்ணீர். செம்பூர்ப் பெண் ஹார்பர் லைனில் வந்து சி.எஸ்.எம்.டி.யில் சேர்ந்துகொண்டாள். கேட்வே பக்கத்துப் படித்துறையிலிருந்து சின்னத் துடுப்புப் படகில் ஏறி, நங்கூரமிட்டிருந்த எங்கள் படகைத் தொட்டபோது கிழக்கே எலிஃபென்டா மலைக்குப் பின்னால் வெளுத்திருந்தது.

படகைப் பற்றி ஒரு வார்த்தை. 33 அடி நீளம், ஒற்றைப் பாய்மரம். மரத்துக்குப் பின்னால் மெயின்செயில் என்கிற பெரிய பாய், முன்னால் ஜிப் என்கிற முக்கோணப் பாய். இரண்டையும் முழுக்க விரித்தால் சுமார் 550 சதுர அடித் துணி. அடியில் ஈயக் கனம் தொங்குகிறது; படகு சாய்ந்தாலும் அது இழுத்து நிமிர்த்தும். உள்ளே நாலு பேர் படுக்கலாம்.

லைஃப் ஜாக்கெட் போட்ட பிறகுதான் கேப்டன் கயிற்றை அவிழ்க்கவிட்டார். இதே துறைமுகத்தில் 2024 டிசம்பர் 18 அன்று, எலிஃபென்டாவுக்குப் பயணிகளை ஏற்றிப் போன ‘நீல்கமல்’ படகின் மேல் கடற்படையின் விசைப்படகு மோதிப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம், பட்டப்பகல், அலையில்லாத தண்ணீர். கடலைப் பற்றிப் பேசும்போது நாம் புயலை நினைக்கிறோம். துறைமுகத்துக்குள்தான் நெரிசலும் ஆபத்தும்.

கரையிலிருந்து வரும் இளங்காற்றில் பாய் ஏற்றினோம். எஞ்சினை நிறுத்திய உடனே காது மாறிவிடுகிறது. மஸ்ஜிதின் பாங்கு, டாக்யார்டின் சங்கு, சாசூன் டாக்கிலிருந்து வெளிக்கிளம்பும் விசைப்படகுகளின் டப்டப் ஓசை எல்லாம் தனித்தனியாகக் கேட்கின்றன. மிடில் கிரௌண்ட் பாறைத் திட்டு இடப்பக்கம் போனது. பெரிய கப்பல்களுக்கென்று ஆழப்படுத்திய பாதையின் ஓரமாகப் போனோம். நவாஷேவாத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் கப்பல் ஒன்று பனிமூட்டமும் புகையும் கலந்த மங்கலிலிருந்து வெளிப்பட்டபோது, அடுக்குமாடி வீட்டு வரிசை ஒன்று நகர்ந்து வருவதாகத்தான் தெரிந்தது. ஜனவரி மும்பையில் நாலைந்து கிலோமீட்டருக்கு அப்பால் கட்டிடங்களே தெரியாத காலை வேளைகள் உண்டு. அவ்வளவு பெரிய கப்பல் நினைத்த இடத்தில் நிற்காது, திரும்பாது. ஒதுங்குவது நம் வேலை. ரேடியோவில் சேனல் 16ஐத் திறந்து வைத்து, அது கடக்கும்வரை பாதைக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்தோம். வலப்பக்கம் கொலாபா முனையின் பிராங்ஸ் கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது. 1875இல் கட்டியது, கறுப்பு வெள்ளை சிவப்புப் பட்டைகளோடு. அதைத் தாண்டியதும் அலை நீண்டுவிட்டது. படகு மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கத் தொடங்கியது.

இங்கேதான் அன்றைய பாடம் தொடங்கியது. பாயைச் சுருக்குவது. ரீஃப் போடுவது என்பார்கள்.

இதை நான் ஏன் இவ்வளவு முக்கியமாக நினைக்கிறேன் என்று சொல்ல வேண்டும். 2024 மே 13 அன்று மாலை காட்கோபரில் புழுதிக் காற்று வீசியது. சேடா நகரில், கிழக்கு விரைவு நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்க் மேல் ராட்சத விளம்பரப் பலகை சாய்ந்து 17 பேர் செத்துப்போனார்கள். மழைக்கு ஒதுங்கியவர்கள், பெட்ரோல் போட வந்தவர்கள், பங்கில் வேலை பார்த்தவர்கள். மாநகராட்சி விதிப்படி 40 அடிக்கு 40 அடிதான் இருக்கலாம். அந்தப் பலகை 120 அடிக்கு 120 அடி. 14,400 சதுர அடி. எங்கள் படகின் இரண்டு பாய்களையும் சேர்த்தால் வருவதைப் போல இருபத்தாறு மடங்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது பலகையின் மேல் அழுத்தும் விசை நாலு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இது பாய்க்கும் பலகைக்கும் ஒரே கணக்கு. அந்தப் பலகை, சுருக்க முடியாத ஒரு பாய். அதை நிறுத்தியவர்கள் காற்று ஒருநாள் வரும் என்பதையே கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் பகுதியில் அன்று மாலை ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவே இல்லை. பாய்மரம் பழகத் தொடங்கிய பிறகு அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் துக்கத்தோடு கோபமும் வருகிறது. நாலு பேர் ஏறும் படகிலேயே, காற்று கூடினால் துணியைக் குறைக்க மூன்று வழி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் பேர் நடமாடும் இடத்தில் ஒரு வழியும் வைக்காமல் நிறுத்தினார்கள்.

சுருக்குவது இப்படி. சுக்கான் பிடிப்பவர் படகைக் காற்றுக்கு எதிர்முகமாகக் கொஞ்சம் திருப்ப வேண்டும். பெரிய பாயைக் கட்டுப்படுத்தும் கயிற்றை, அண்ணாச்சி தாமான் என்பார், தளர்த்த வேண்டும். பாய் காற்று இழந்து படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒருவர் பாய்மரத்தடிக்குப் போய், பாயைத் தூக்கிப் பிடிக்கும் கயிற்றை அளவாக இறக்க வேண்டும். பாயின் முன்விளிம்பில் இருக்கும் இரும்பு வளையத்தைக் கொக்கியில் மாட்ட வேண்டும். மறுபடி கயிற்றை இழுத்து இறுக்க வேண்டும். பிறகு பின்முனையில் ஓடும் இன்னொரு கயிற்றை வின்ச் என்கிற சுழல் உருளையில் சுற்றி, பாயின் பின்மூலை கீழே வந்து, பாயின் அடியில் நீண்டிருக்கும் கட்டையோடு ஒட்டும்வரை சுழற்ற வேண்டும். மிஞ்சித் தொங்கும் துணியை மடித்துக் கட்ட வேண்டும். படிக்க எளிது. படகு சாய்ந்து, தளம் நனைந்து, காதருகில் பாய் அறைந்துகொண்டிருக்கும்போது, எந்தக் கயிற்றை முதலில் தொடுவது என்று யோசித்தால் நேரம் போய்விடும்.

காலை இளங்காற்றில் சுருக்கத் தேவையே இல்லை. அதனால்தான் அப்போது பழகினோம். சுருக்கினோம், விரித்தோம், இடம் மாறிச் சுருக்கினோம். வேகம் வந்ததும் கேப்டன் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்து, கண்ணைக் கட்டச் சொன்னார். பாய்மரத்தடியில் நாலு கயிறுகள் அடுத்தடுத்து வரிசையாக வருகின்றன. அவள் முழங்காலால் தளத்தில் ஊன்றி, இடது கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு, வலது கையால் ஒவ்வொன்றாகத் தடவினாள். பாயைத் தூக்கும் கயிறு மற்றதை விடத் தடிமன், சுருக்குக் கயிற்றில் புடைத்த பின்னல், மூன்றாவது வழவழப்பு. தடிமனான கயிற்றுக்கே திரும்பி வந்து கை நின்றது. கீழே போய்ப் பிரேக்கைத் திறந்தது. வளையம் இறங்கி வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அளந்து விட்டாள். கொக்கி மாட்டிய சத்தம் எங்களுக்கே கேட்டது. “ஆச்சுக்கா” என்றாள் கண்கட்டை அவிழ்க்காமல்.

அண்ணாச்சிக்குக் கண்ணைக் கட்ட வேண்டியிருக்கவில்லை. “எங்க தோணியில வெளக்கு ஏது? நெலா இல்லன்னா எல்லாமே கைதான்” என்றார். கொழும்புப் பாதையில் ராத்திரி காற்று ஏறும்போது பாயை எப்படி இறக்கினார்கள் என்று அவள் கேட்டாள். “தோணிக்குக் கேப்டன் தண்டல். அவரு வானத்தப் பாத்துக்கிட்டே இருப்பாரு தாயி. காத்து வந்தப்புறம் எறக்குனா அது பாய எறக்குறது இல்ல, பாயோட மல்லுக்கட்டுறது. அவரு ‘எறக்குல’ன்னு சொல்றப்ப எங்களுக்குக் காத்தே தெரியாது. அர மணி கழிச்சுத்தான் தெரியும்.”

உலகம் முழுக்க மாலுமிகளிடம் இதே விதி உண்டு: சுருக்கலாமா என்று முதல் தடவை தோன்றும்போதே சுருக்கிவிட வேண்டும். மால்வண்காரரும் மணப்பாட்டுக்காரரும் ஒருவர் மொழி மற்றவருக்கு அரைகுறையாகப் புரிந்தாலும் இந்த இடத்தில் ஒரே குரலில் பேசினார்கள்.

செம்பூர்ப் பெண்ணுக்கு அம்மா வழியில் புதுச்சேரி. அந்த ஊர்க்காரரான லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியைப் பற்றி அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் செய்தி ஒட்டி வைத்திருக்கிறாள். ரூபாவும் கோழிக்கோட்டுக்காரரான லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் இரண்டே பேராக, 56 அடி நீளமுள்ள ‘தாரிணி’ படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, 25,000 கடல் மைலுக்கு மேல் ஓடி, ஹார்ன் முனையைச் சுற்றி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். எட்டு மாதம். ஒருவர் தூங்கினால் மற்றவர் சுக்கானில். நடுராத்திரி பனிக்காற்றில் பாய் சுருக்க நேர்ந்தால் ஒருவர் தனியாகச் செய்ய வேண்டும், அல்லது தூங்குகிறவரை எழுப்ப வேண்டும். அதற்கு முன் அவர்கள் ஆறு பேர் குழுவில் கேப் டவுன் வழியாக ரியோ வரை போனார்கள். பிறகு இருவர் மட்டுமாகப் போர்ட் பிளேருக்கும் மொரீஷியஸின் போர்ட் லூயிக்கும் போய் வந்தார்கள். ஒத்திகையே ஓர் ஆயுள் பயணம்.

“எழுப்புறதுக்குத்தான்க்கா தைரியம் வேணும். தனியா செஞ்சுடலாம்னுதான் தோணும்” என்றாள் அவள். மருத்துவமனையில் இரவு ஷிஃப்ட் பார்க்கிற பெண்; பெரிய டாக்டரை எழுப்பலாமா வேண்டாமா என்று யோசித்து நின்ற இரவுகள் அவளுக்குத் தெரியும். அன்றே விதி வைத்தோம்: சுக்கானில் இருப்பவருக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்தால் எழுப்ப வேண்டும், எழுப்பியதற்காக யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

காண்டேரியை நெருங்கியபோது கரைக்காற்று செத்துவிட்டது. பாய் தொங்க, படகு நீரோட்டத்தில் மிதந்தது. 1679இல் சிவாஜி கோட்டை கட்டத் தொடங்கிய தீவு. மும்பைத் துறைமுக வாயிலைக் கண்காணிக்கும் இடம். ஆங்கிலேயரும் ஜஞ்சிராவின் சித்திகளும் ஆளுக்கொரு பக்கம் எதிர்த்தும் கட்டி முடித்தார்கள். பக்கத்திலேயே உந்தேரி. காண்டேரியின் மேட்டில் 1867இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் எரிகிறது; இப்போது மராட்டியக் கடற்படைத் தளபதி கானோஜி ஆங்கரே பெயரில். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மராட்டியக் கோட்டைகளில் இதுவும் ஒன்று. கோவாவுக்குப் போகும்போது நாங்கள் கடக்கும் முதல் கோட்டை. அப்புறம் ஜஞ்சிரா, விஜயதுர்க், சிந்துதுர்க் என்று கரை நெடுக வரும். இந்தக் கோட்டைகளைத் தரையிலிருந்து பார்ப்பதும் கடலிலிருந்து பார்ப்பதும் ஒன்றல்ல. எதிரி எந்தக் கோணத்தில் வருவான் என்று கட்டியவன் யோசித்தானோ அந்தக் கோணம் தண்ணீரில்தான் இருக்கிறது.

காற்றில்லாத அந்த நேரத்தில் எஞ்சினைப் போட்டு அடுத்த பயிற்சி. ஆள் விழுந்தால் எடுப்பது. படகின் பக்கவாட்டில் தொங்கும் ரப்பர் உருளை ஒன்றுக்குத் தொப்பி மாட்டிக் கடலில் எறிந்தார் கேப்டன். தண்ணீரில் மனிதத் தலை எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரிந்தது. ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது. கையை நீட்டி அதையே காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கயிறு வேண்டும், இடம் மாற வேண்டும், என்ன ஆனாலும் விரல் இறங்கக் கூடாது. ஐந்து மைல் வேகத்தில் போகும் படகு ஒரு நிமிடத்தில் 150 மீட்டர் விலகிவிடும். அரை மீட்டர் அலைகூட அந்தத் தூரத்தில் தொப்பியை விழுங்கித் துப்புகிறது. விரல் நீட்டியது நான். இரண்டு அலைகளுக்கு நடுவில் அது தெரியாமல் போன சில நொடிகளில், அது ரப்பர் என்று தெரிந்தும் நெஞ்சு அடைத்தது. படகு வட்டமடித்து அதன் அருகே நின்றபோது அண்ணாச்சி குனிந்து கொக்கியால் இழுத்தார். “உருளைய தூக்கிட்டோம். நனஞ்ச ஆளு எண்பது கிலோ இருப்பான், நாம எப்படித் தூக்குவோம்?” என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. பாயைத் தூக்கும் கயிற்றையும் வின்ச்சையும் வைத்து ஆளைத் தூக்கலாம் என்று கேப்டன் காட்டினார். இரவில் சுக்கானில் இருப்பவர் இடுப்புவாரைப் படகோடு மாட்டாமல் உட்காரக் கூடாது என்பது எழுதிவைக்காமலே முடிவானது.

சாப்பிட்ட பிறகு ஆளுக்கு ஒரு மணி நேரம் உள்ளே போய்த் தூங்க வேண்டும் என்றார் கேப்டன். பகலில் தூக்கம் வராது என்றதற்கு, “அதுதான் பயிற்சி” என்றார். உள்ளே டீசல் வாடை, ஈர உப்பு வாடை. காது பலகையோடு ஒட்டியிருக்க, அங்குல கனம்கூட இல்லாத சுவருக்கு அப்பால் தண்ணீர் ஓடுவது கேட்கிறது. கண்ணை மூடினால் வயிறு புரளும். மல்லாந்து படுத்தால் அடங்கும். தூக்கம் வருகிறதோ இல்லையோ, உடம்பைக் கிடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒன்றரை மணிக்கு மேல் வடமேற்கில் கடலின் நிறம் மாறியது. வெயிலில் வெளிறிக் கிடந்த நீர்ப்பரப்பில் ஒரு கரும்பட்டை, அடிவானத்தை ஒட்டி. அண்ணாச்சி எழுந்து நின்றார். “வாடைக்கச்சான்.” எங்கள் படகில் அப்போது முடி அசையக்கூடக் காற்றில்லை. கேப்டன் ஒன்றும் சொல்லாமல் அந்தப் பெண்ணைப் பார்த்தார். முடிவு அவளுடையது. அவள் அந்தப் பட்டையைப் பார்த்தாள், தொங்கும் பாயைப் பார்த்தாள்.

“சுருக்கிடலாம்” என்றாள்.

சுருக்கினோம். மடித்த துணியைக் கட்டி முடித்து இருக்கைக்குத் திரும்புவதற்குள் முதல் வீச்சு வந்துவிட்டது. படகு சாய்ந்து, நிமிர்ந்து, பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. பதினாறு நாட் காற்று, அதாவது மணிக்குப் பதினாறு கடல் மைல்; சில வீச்சுகளில் பதினெட்டு இருபது. இடப்பக்கத்து முன்கோணத்திலிருந்து அடிக்கிறது. உள்ளே வரும் ஓதமும் கூட. சுக்கான் கையில் இழுக்காமல், இரண்டு விரலில் அடங்கிப் போனது. அரை மைல் தள்ளி இன்னொரு பாய்மரம் முழுப் பாயோடு படுத்துப் படுத்து எழுந்துகொண்டிருந்தது. அதன் தாமானைத் தளர்த்தியும் இழுத்தும் ஆட்கள் அல்லாடுவது தெரிந்தது. வேகத்தில் அவர்கள் எங்களை மிஞ்சவில்லை. அளவுக்கு மேல் பாய் விரித்த படகு சாய்வதில்தான் காற்றைச் செலவழிக்கிறது. புத்தகத்தில் நூறு தடவை படித்த இந்தச் செய்தி கைக்கு வந்தது அந்த இடத்தில்தான்.

எங்களை உள்ளே தள்ளிக்கொண்டு வந்த அதே ஓதம் துறைமுகத்தைத் தாண்டி, டிராம்பே, வாஷி வழியாகத் தானே கழிமுகத்தில் ஏறி, கடைசியில் காட்கோபரின் கிழக்கு ஓரத்துக்கே போகிறது. அங்கே அலையாத்திக் காடும் சேறும். நவம்பரிலிருந்து மே வரை பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும் இடம். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கடல்நீர் தினமும் இரண்டு தடவை வந்து போகிறது. காட்கோபரில் வளரும் குழந்தைக்கு அது தெரியாது. நடுவில் விரைவு நெடுஞ்சாலை, குழாய்கள், பழைய உப்பளங்கள். கடல் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஜுஹு அல்லது மெரின் டிரைவ். அதுவும் கரையில் நின்று பார்ப்பதற்கு. இந்த ஊருக்குக் கப்பலேறியும் ரயிலேறியும் பிழைக்க வந்தவர்கள் நாம். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி. கப்பல் தேடி வந்ததும் இந்தப் பம்பாய்க்குத்தான். ஆனாலும் தாராவியிலோ செம்பூரிலோ காட்கோபரிலோ வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் பாய்க்கயிற்றைத் தொட்டவர்கள் எத்தனை பேர்? பாய்மரம் பணக்காரர் விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டோம். மணப்பாட்டிலும் மண்டபத்திலும் அது கூலிக்காரர் தொழிலாக இருந்தது. அண்ணாச்சி மாதிரி ஆட்கள் இன்னும் காமராஜ் நகரில் இருக்கும்போதே நம் பிள்ளைகள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். நீச்சலும் முடிச்சும் காற்றின் பெயர்களும் தெரிந்த பத்துப் பிள்ளைகள் உருவானால் போதும்.

நாலரை மணிக்கு நங்கூரமிடத்துக்கு வந்துவிட்டோம். பாயை இறக்கி மடிக்கும்போது கேப்டன் ஒவ்வொரு தையலையும் விரலால் நீவினார். பெரிய பாயின் இரண்டாவது சுருக்கு வளையத்துக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது. இருட்டில், முப்பது நாட் காற்றில் அது கிழிந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யாரும் பேசவில்லை. குறிப்பேட்டில் எழுதினார். பாய்மர உச்சி விளக்கு ஒருசமயம் எரிகிறது ஒருசமயம் இல்லை. இடுப்புவார் நாலு வேண்டும், இருப்பது மூன்று. கீழ்த்தட்டுத் தண்ணீர் பம்ப்பின் கைப்பிடி எளிதில் கழன்றுவிடுகிறது. கயிற்றால் கட்ட வேண்டும். மீன் வலைகளின் கொடிக்கம்புகள் ராத்திரி தெரியாது. கைவிளக்குக்குக் கூடுதல் பேட்டரி.

திரும்பும்போது சென்ட்ரல் லைனில் மெகா பிளாக்; பராமரிப்புக்காக ரயில்களைக் குறைத்திருந்தார்கள். சி.எஸ்.எம்.டி.யில் கூட்டம் வழிந்தது. நடைமேடையிலேயே உட்கார்ந்து மிச்ச இட்லியைப் பிரித்தோம். அடுத்தது இரவு ஓட்டம்: சாயங்காலம் கிளம்பி விடியும்போது ஜஞ்சிரா. கேப்டன் காவல் நேரம் பிரித்தார், ஆளுக்கு மூன்று மணி நேரம். நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து மூன்று வரை தனக்கு வேண்டும் என்றார் அண்ணாச்சி.

“அந்த நேரத்துலதான் அங்கிள் எனக்கு ஷிஃப்ட்ல பழக்கம். நான் எடுத்துக்கிறேன்.”

“நீ மூணு மணிக்கு வா தாயி. விடியப்போற நேரம்தான் கண்ண இழுக்கும். அதுக்குத்தான் இளவட்டம் வேணும்.”

கடைசியில் அவளுக்கு மூன்றிலிருந்து ஆறு. பொழுது சாய்ந்தால் காற்று எப்படி இருந்தாலும் ஒரு சுருக்கு போட்டே ஓடுவது என்று நாலு பேரும் ஒத்துக்கொண்டோம். தையல் விட்ட பாயைச் சுருட்டிப் பையில் போட்டு என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தைத்து வாங்கி, வெள்ளிக்கிழமைக்குள் படகில் சேர்க்க வேண்டும்.